உதடு தடிச்சிருச்சா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, என் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. ஸ்பூன் உள்ளே போகிறது, லெக் பீஸ் போகவில்லை. இடது பக்கம், காதுக்குக் கீழே, உள்ளிருந்து ஆணியை வைத்து அழுத்துவது போல் வலி. எச்சில் விழுங்கினாலும் வலி.

வலி புதிதில்லை. ஒன்றரை வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிற விருந்தாளிதான். வரும்போதெல்லாம் தெருமுனை மெடிக்கல்ஷாப்பில் போய், "அண்ணா, பல்வலிக்கு ஒரு செட் குடுங்க" என்பேன். அவரும் மூன்று நிறத்தில் மாத்திரையைச் சின்னக் கவரில் போட்டு, காலை ராத்திரி என்று பேனாவால் கோடு போட்டுத் தருவார். இரண்டு நாளில் வலி போய்விடும். மூன்றாம் நாள் மீதி மாத்திரையை மறந்துவிடுவேன். இப்படியே ஐந்தாறு செட் ஆகியிருக்கும். யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம். பாதியில் நிறுத்திய ஆன்டிபயாடிக் என்ன செய்யும் என்று எனக்கும் தெரியும், தெரிந்தேதான் செய்தேன்.

என் மனைவிதான் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள். கோவையில் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக். டாக்டருக்கு முப்பது வயது இருக்கலாம். வாயை முடிந்தவரை திறக்கச் சொல்லி, கண்ணாடியை விட்டுப் பார்த்து, "ஞானப்பல் சார். பாதிதான் வெளிய வந்திருக்கு" என்றார்.

"ஞானம் பாதிதான்னு எனக்குக் கல்யாணமான வருஷமே தெரியும் டாக்டர்" என்றாள் மனைவி.

மூன்றாவது கடைவாய்ப்பல்லுக்குத்தான் அந்தப் பெயர். பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைப்பது, மற்ற பல்லெல்லாம் வந்து இடம் பிடித்த பிறகு கடைசியாக வருவது. தாடையில் இடம் இருந்தால் நேராக வரும். இல்லாவிட்டால் வந்தவரை போதும் என்று நின்றுவிடும். பாதி வந்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடி போலக் கிடக்கும், சட்டைப்பையின் மூடி மாதிரி. அந்த மூடிக்கடியில் சோறு போகும், பிரஷ் போகாது. உள்ளே போனது அழுகும், கிருமி பெருகும், ஈறு வீங்கும். வீங்கிய ஈறை மேல் பல் வந்து வந்து கடிக்கும். வீக்கம் பின்னால் இருக்கிற மெல்லும் தசையைத் தொட்டதும் அது இறுகிவிடும். வாய் திறக்காமல் போனது அதனால்தான். மாத்திரை கிருமியைக் குறைக்கும், மூடியை எடுக்காது. அதனால்தான் விருந்தாளி திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்.

அன்றைக்கே எடுத்துவிடலாமா என்று கேட்டேன். டாக்டர் மறுத்துவிட்டார். சீழும் வீக்கமும் இருக்கும் இடத்தில் சதை புளித்துப்போய் அமிலத்தன்மையோடு இருக்கும், அங்கே மரப்பு ஊசி சரியாகப் பிடிக்காது என்றார். ஈறுக்கடியில் கழுவிவிட்டு, மாத்திரை கொடுத்து, எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். இந்தத் தடவை முழு கோர்ஸையும் முடித்தேன்.

அந்த எக்ஸ்ரேக்கு ஓபிஜி என்று பெயர். ஃபின்லாந்துக்காரர் ஒருவர், உர்யோ பாட்டெரோ, வடிவம் கொடுத்த முறை. நின்றுகொண்டு, தாடையை ஒரு மேடையில் வைத்து, பிளாஸ்டிக் குச்சியை முன்பற்களால் கடித்துக்கொண்டிருந்தால் இயந்திரம் தலையைச் சுற்றி ஒரு வலம் வரும். கோயில் பிரகாரத்தில் நாம் சுற்றுவோம், இங்கே சாமி நாம். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். காது முதல் காது வரை தாடையை விரித்து வைத்தது போல ஒரே படம்.

படத்தை வெளிச்சப்பலகையில் வைத்ததும் எனக்கே புரிந்தது. டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தோளில் தூங்கி விழுகிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். என் ஞானப்பல் அப்படித்தான் முன்னால் இருக்கிற பல்லின் மேல் சாய்ந்து கிடந்தது. கீழ்த்தாடையில் சிக்கிக்கொள்ளும் ஞானப்பற்களில் இந்தச் சாய்வுதான் அதிகமாம். ஜார்ஜ் வின்டர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1926-லேயே இந்தச் சாய்வுகளை வகை பிரித்து எழுதிவைத்திருக்கிறார். முன்னால் சாய்ந்தது, நேரே நிற்பது, படுத்தே கிடப்பது, பின்னால் சாய்ந்தது. இன்றைக்கும் அந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள். பின்னால் சாய்ந்தது, பார்க்க அப்பாவி போலிருந்தாலும், எடுக்கக் கஷ்டமான ரகம்.

"இது சாதாரணமா வராது சார். சர்ஜிக்கலா எடுக்கணும். வியாழக்கிழமை எங்க ஓரல் சர்ஜன் வருவார்" என்றார் டாக்டர்.

சர்ஜிக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் வயிற்றில் ஏதோ புரண்டது. பல் பிடுங்குவதே பயம், அதிலும் ஆபரேஷன் என்றால்? எனக்கு இருந்த எண்ணம் இதுதான்: சாதாரணமாகப் பிடுங்குவது ஒரு பங்கு வலு, சர்ஜிக்கல் என்றால் பத்துப் பங்கு. பெரிய குறடு, பெரிய இழுப்பு. இதை எழுத உட்கார்ந்த காரணமே அந்த எண்ணம் தலைகீழ் என்று சொல்லத்தான்.

முதலில், சாதாரணமாகப் பல் எடுக்கும்போதே யாரும் பிடுங்குவதில்லை. பல் எலும்புக்குள் ஆணி அடித்த மாதிரி இறுகி நிற்கவில்லை. சுற்றிலும் மெல்லிய நார்களால் கட்டப்பட்டுத் தொங்குகிறது. டாக்டர் பல்லைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக அசைக்க அசைக்க, சுற்றியிருக்கும் எலும்புக்குழி கொஞ்சம் விரிந்து கொடுக்கும், நார்கள் அறுபடும், பல் கையோடு வந்துவிடும். மேல்தாடை எலும்பு கொஞ்சம் பஞ்சு மாதிரி, எளிதில் விரியும். கீழ்த்தாடையின் பின்பக்கம் கெட்டி, விரியாது. அங்கே சாய்ந்து மாட்டிக்கொண்ட பல்லை வலுவால் எடுக்கப் பார்த்தால் பல் உடையும். இன்னும் அழுத்தினால் தாடையே உடையலாம்.

வீடு மாற்றும்போது பெரிய கட்டிலை வாசல் வழியாக வெளியே எடுக்கவேண்டியிருந்தால் என்ன செய்வோம்? நாலு பேரைக் கூட்டிவந்து இழுப்போமா? போல்ட்டைக் கழற்றி, கால் தனி, சட்டம் தனி என்று பிரித்து எடுப்போம். கதவு இடித்தால் கதவையும் கழற்றி வைப்போம். சர்ஜிக்கல் எக்ஸ்ட்ராக்‌ஷன் இதுதான். ஈறைக் கீறி விலக்குவது கதவைக் கழற்றுவது. எலும்பில் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டுவது வழி விடுவது. பல்லை இரண்டு மூன்றாக வெட்டுவது கட்டிலைப் பிரிப்பது. இழுப்பு குறையத்தான் இத்தனை ஏற்பாடும்.

ஞானப்பல்லுக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். வேர்ச்சிகிச்சை செய்து பல வருடம் ஆன பல் காய்ந்த சுள்ளி மாதிரி, பிடித்தால் நொறுங்கும். மேல்பகுதி சொத்தையில் கரைந்து வேர் மட்டும் மிச்சமிருந்தால் குறட்டுக்குப் பிடி கிடைக்காது. வேர் நுனி கொக்கி போல் வளைந்திருந்தாலும், எலும்போடு ஒட்டிப்போயிருந்தாலும் இதே வழிதான்.

இதில் எங்கள் வீட்டில் ஒரு பழைய வயிற்றெரிச்சல் உண்டு. மூன்று வருடம் முன்பு வேறொரு கிளினிக்கில் (பெயர் வேண்டாம்) மனைவிக்கு வேர்ச்சிகிச்சை செய்த பல் ஒன்றை எடுத்தார்கள். சாதாரணம் என்றுதான் உட்கார வைத்தார்கள். இருபது நிமிடம் கழித்து உதவியாளர் வெளியே வந்து, "ரூட் உடைஞ்சிருச்சு சார், சர்ஜிக்கல் பண்ணணும், எக்ஸ்ட்ரா ஆகும்" என்றார். வாய் மரத்து, ரத்தத்தோடு உள்ளே படுத்திருப்பவளை வைத்துக்கொண்டு நான் என்ன பேரம் பேசுவது? வேர் உடைவது தப்பில்லை, யார் கையிலும் உடையும். அப்படி ஆகலாம், ஆனால் இவ்வளவு ஆகும் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லாததுதான் தப்பு. எக்ஸ்ரேயில் வேர்ச்சிகிச்சை செய்த பல் என்று பளிச்சென்று தெரிந்திருக்குமே.

அதனால் இந்தத் தடவை கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். சர்ஜன் பொறுமைசாலி. மொத்தம் 8,000 ரூபாய், தையல் பிரிப்பதும் அதிலேயே அடக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எக்ஸ்ரேயில் பல்லின் வேருக்குக் கீழே ரயில் தண்டவாளம் போல ஓடிய இரண்டு மெல்லிய வெள்ளைக்கோடுகளைப் பேனாவால் காட்டினார். அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ்ப்பற்களுக்கும் கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். வேர் நரம்பை உரசிக்கொண்டிருந்தால் எடுக்கும்போது அது நசுங்கலாம், உதட்டில் மரமரப்பு தங்கலாம். பெரும்பாலும் சில வாரத்திலோ மாதத்திலோ சரியாகிவிடும், அபூர்வமாக நிலைத்துவிடும். ரொம்ப நெருக்கமாகத் தெரிந்தால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்களாம். அப்போதும் ஆபத்து என்று தெரிந்தால், பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே உள்ளே விட்டுவிடும் முறையும் உண்டு. எனக்கு இடைவெளி இருந்தது. ஸ்கேன் தேவைப்படவில்லை.

"வாய் கோணிக்குமா டாக்டர்?"

"இது உணர்ச்சிக்கான நரம்பு சார். முகத்தை அசைக்கிறது வேற நரம்பு. மரத்துப் போகலாமே தவிர, இதனால கோணாது."

அடுத்த கேள்வியை என் அப்பாவுக்காகக் கேட்டேன். மேல்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும் என்று நம் ஊரில் சொல்லாத வீடு உண்டா? என் அப்பா ஒரு மேல் கடைவாய்ப்பல்லோடு பத்து வருடம் மல்லுக்கட்டினார், கண்ணுக்குப் பயந்து. கடைசியில் எடுத்தார். இரண்டு வருடம் கழித்துக் கண்புரை வந்தது. "நான் அப்பவே சொன்னேன்" என்று அதற்கும் பல்லைத்தான் குற்றம் சொன்னார். சர்ஜன் சிரித்துக்கொண்டே சொன்னார்: மூளையிலிருந்து வருகிற நரம்புகளில் பார்வைக்கானது இரண்டாவது, பல்லுக்கானது ஐந்தாவது. புறப்படும் இடமும் வேறு, போகும் வழியும் வேறு. பல் எடுக்கிற வயதும் கண்புரை வருகிற வயதும் ஒன்றாக இருப்பதுதான் இந்தக் கதைக்கு மூலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு அவர் என்னைக் கேள்வி கேட்டார். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, ஏதாவது அலர்ஜி. எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கேள்வி என் காதில் நின்றது: எலும்பு பலத்துக்கு ஊசி ஏதாவது போடுகிறீர்களா? என் அம்மாவுக்கு எலும்புத் தேய்மானத்துக்காக வருடம் ஒருமுறை ஒரு ஊசி போடுகிறார்கள். அந்த வகை மருந்து எடுப்பவர்களில் சிலருக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகிறது என்பது 2003 வாக்கில்தான் வெளியே தெரியவந்ததாம். அம்மாவிடம் யாராவது மருந்து என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்டால் பிரஷர் மாத்திரையை மட்டும்தான் சொல்வார். வருடத்துக்கு ஒரு ஊசியை யார் மருந்துக் கணக்கில் சேர்ப்பார்கள்? உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் பல் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை, பல் எடுக்கப் போகிறோம் என்று நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். நிறுத்துவதால் வரும் ஆபத்து ஈறில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் வருவதைவிடப் பெரியது.

சம்மதப் படிவம் இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அவர் தமிழில் சொன்னதால் கையெழுத்துப் போட்டேன். தமிழ்நாட்டில் ஒரு பல் எடுக்கத் தமிழில் ஒரு படிவம் அச்சடிக்க முடியாதா என்பது தனிப் பதிவுக்கான புலம்பல்.

வியாழக்கிழமை. சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லியிருந்தார்கள், மயக்கம் கொடுக்கப் போவதில்லை, மரப்பு ஊசிதான் என்பதால். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஊசி ஈறில் போடுவார்கள் என்று பார்த்தால், வாயின் கோடியில், தாடை எலும்பின் உள்பக்கம் போனது. நரம்பு தாடைக்குள் நுழையும் வாசலிலேயே அதை மறிக்கிறார்கள். மெயின் ஸ்விட்சை அணைத்தால் வீடு முழுக்க இருட்டாகிற மாதிரி. இந்த முறைக்கு வயது 140-க்கும் மேல். 1884-இல் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் செய்து பார்த்தது, அதுவும் கொக்கெயினை வைத்து. தன் மேலேயே சோதித்துச் சோதித்து அவர் அதற்கு அடிமையாகிப்போனார். இன்று போடும் லிக்னோகெயினை 1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்க்ரென் உருவாக்கினார். அவருடைய கூட்டாளி பெங்ட் லுண்ட்க்விஸ்ட் தனக்குத்தானே ஊசி போட்டுச் சோதித்தவர். நம் கன்னத்தில் ஏறும் சில மில்லிக்குப் பின்னால் இப்படிச் சில மனிதர்கள். மருந்தோடு கொஞ்சம் அட்ரினலினும் கலந்திருக்கும், ரத்தக்குழாய் சுருங்கி மரப்பு நீடிக்க. அதனால் ஒரு நிமிடம் நெஞ்சு படபடவென்று அடித்தது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து சர்ஜன் கேட்டார்: "உதடு தடிச்சிருச்சா?"

தொட்டுப் பார்த்தேன். பாதி உதடு என்னுடையது, மீதிப் பாதி ரப்பர். அவர் கேட்பது பல்லை அல்ல, உதட்டை. ஏனென்றால் அதே நரம்பின் கடைசிக் கிளைதான் உதட்டுக்கு வருகிறது. உதடு மரத்தால் பல்லும் மரத்திருக்கும். எவ்வளவு எளிய சோதனை! இதற்கு இல்லை என்று பதில் சொல்லவேண்டியிருந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். "பரவாயில்ல டாக்டர், தாங்கிக்குவேன்" என்கிற வீரம் இங்கே யாருக்கும் பிரயோஜனமில்லை.

அதன்பிறகு முப்பத்தைந்து நிமிடம். வலி இல்லை. ஆனால் அழுத்தம் தெரியும், நன்றாகவே தெரியும். அழுத்தத்தைக் கொண்டுபோகிற நரம்பிழைகள் தடிமன், மருந்து வலியிழைகளை அடக்குவதுபோல் இவற்றை முழுதாக அடக்காது. இதை அறியாதவர்கள் மரப்பு போய்விட்டது என்று பதறிவிடுவார்கள். எலும்பு வெட்டும் கருவி, சொத்தை அடைக்கும்போது வீல் என்று கத்துமே, அது இல்லை. அது காற்றில் சுழல்வது, அந்தக் காற்று பிரித்த சதைக்கடியில் புகுந்தால் கன்னம் பலூன் மாதிரி உப்பிவிடும். இது வேறு, கனத்த உறுமல். கூடவே உப்புநீர் விடாமல் பீய்ச்சிக்கொண்டே இருந்தது. எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் இருந்தால் பாதிக்கப்படத் தொடங்கிவிடுமாம். நாம் குடிக்கிற காபி அதைவிடச் சூடு.

நடுவில் "கடக்" என்று ஒரு சத்தம், தலைக்குள்ளேயே. என் கைகள் நாற்காலியை இறுகப் பிடித்தன. "பல்லை ரெண்டா பிரிச்சேன் சார், வேற ஒண்ணுமில்ல" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு 8,000 கொடுக்கலாம். பிறகு ஒரு நெம்பல், இன்னொரு நெம்பல். மூன்று துண்டு. கறுப்புப் பட்டு நூலில் மூன்று தையல்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் ஃபோன். "கண்ணு, சுடுதண்ணில உப்புப் போட்டு நல்லாக் கொப்புளி."

கொப்பளிக்கக் கூடாதம்மா, நாளை வரைக்கும் கூடாது என்றால் அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அன்று காலைதான் புரிந்திருந்தது. பல் போன குழியில் நிறைகிற ரத்தக்கட்டிதான் மருந்து, அதுதான் கட்டு. கொப்பளித்தால், காறித் துப்பினால், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினால் அந்தக் கட்டி பெயர்ந்துவிடும். பஞ்சை ஒரு மணி நேரம் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, எச்சிலை விழுங்கிவிட வேண்டியதுதான். எச்சிலில் கலந்த துளி ரத்தம் வாய் நிறைய ரத்தம் போலத் தெரியும், பயப்பட வேண்டாம். அம்மா சொன்ன உப்புநீர் மறுநாளிலிருந்து சரி, அதுவும் வாயில் ஏந்திச் சாய்த்துவிடுவதோடு சரி.

கட்டி பெயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மச்சான் சாட்சி. பல் எடுத்த அன்று சாயந்திரமே சிகரெட். மூன்றாம் நாள் காதுவரை தெறிக்கிற வலி, வாயில் நாற்றம். டிரை சாக்கெட் என்கிறார்கள், கட்டி இல்லாமல் எலும்பு வெறுமையாகத் திறந்து கிடப்பது. கீழ் ஞானப்பல்லில்தான் இது கூடுதலாக வரும். டாக்டர் குழியைக் கழுவி மருந்து வைத்ததும் அரைமணியில் வலி அடங்கியது. மருந்தை மோந்து பார்த்துவிட்டு மச்சான் சொன்னார்: "மாப்ள, எங்க பாட்டி வெக்கிற கிராம்புடா இது." சரியாகத்தான் சொன்னார். அதில் இருப்பது கிராம்பெண்ணெயில் இருக்கும் யூஜெனால்தான்.

எனக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. முதல் நாள் ஐஸ் ஒத்தடம், ஆறவைத்த ரசம் சாதம், என் பையன் பொறாமையோடு பார்க்க ஐஸ்கிரீம். அதை எனக்கு டாக்டரே எழுதிக்கொடுத்திருந்தார். இரண்டாம் நாள் காலை முகம் கண்ணாடியில் ஒரு பக்கம் கொழுக்கட்டை. மூன்றாம் நாள் இன்னும் பெரிய கொழுக்கட்டை. வீக்கம் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்துக்குப் போகும் என்று சொல்லியிருந்ததால் தூக்கம் கெடவில்லை. மூன்று நாளுக்குப் பிறகு வீக்கமோ வலியோ ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும், ரத்தம் நிற்காவிட்டாலும் உடனே கூப்பிடச் சொல்லி நம்பர் கொடுத்திருந்தார்கள். கூப்பிடத் தேவைப்படவில்லை. ஐந்தாம் நாள் தயிர்சாதத்தோடு ஊறுகாய்க்கு ஆசைப்பட்டுத் தொட்டு, பட்டு, திருந்தினேன். ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். கத்தரி சத்தம் மூன்று, அவ்வளவுதான். குழி முழுக்க எலும்பு நிறைய மாதக்கணக்காகும், அதுவரை சாப்பிட்டதும் வாய் கழுவினால் போதும் என்றார்கள்.

கிளம்பும்போது பல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சின்ன வயதில் விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டுக்கூரை மேல் எறிவோம். இப்போது இருப்பது அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி. மூன்று துண்டும் ஒரு சின்ன கவரில் மேசை டிராயரில் கிடக்கின்றன.

வலது பக்கக் கீழ் ஞானப்பல்லையும் எடுத்துவிடலாமா என்று கேட்டேன், வந்ததே வந்தோம் என்று. அது நேராக முளைத்திருக்கிறது, பிரஷ் எட்டுகிறது, தொந்தரவு செய்யாத பல்லை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார் சர்ஜன். பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டிலேயே நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைக்காக எடுக்க வேண்டாம் என்று அரசு மருத்துவ வழிகாட்டுதல் வந்துவிட்டதாம். அதனால் அது அங்கேயே இருக்கிறது. இன்று காலையும் பல் தேய்க்கும்போது அதை எட்டித் தொட்டு வந்தேன்.